மூன்று தரம் வந்தும் பார்க்காத மலை

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம், மகள் எங்கள் இருவருக்கும் டுசல்டோர்ஃபிலிருந்து ஜெர்மனியின் தென்கோடியிலுள்ள கொன்ஸ்டான்ஸ் வரை ரயில் சீட்டு எடுத்துத் தந்தாள். ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காட்டுக்கூடாகப் போகிற பாதை. அந்தப் பாதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். இவரைக் கேட்டிருந்தால் வீட்டிலேயே இருப்போம் என்றிருப்பார்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், எங்களுக்குக் கலியாணம் முற்றாகியிருந்ததே தவிர நடக்கவில்லை. இலங்கையிலிருந்து அகதியாக வந்த என்னை அந்த மலைக்குள் ஒரு சின்ன ஊரில் விட்டிருந்தார்கள். இவரை டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில். தஞ்சம் கேட்டவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது; தாண்டினால் ரயிலிலேயே பொலிஸ் பிடிக்கும். இவர் கடிதம் இல்லாமலே மூன்று தரம் என்னைப் பார்க்க வந்தார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார். வழியில் மலை எப்படி என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு வந்தவனுக்கு என்ன தெரியும் என்பார். அந்தப் பதில் இவ்வளவு காலமும் என் நெஞ்சில் குத்திக்கொண்டே கிடந்தது. என்னைப் பார்க்க வந்த மனுசன் பார்க்காமல் விட்ட மலையை ஒருக்கால் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கார்ல்ஸ்ரூவில் ரயில் மாறினோம். யன்னல் பக்கத்தை இவருக்கென்று பிடித்து வைத்தேன். இவரோ என்னை அதில் இருக்கச் சொல்லிவிட்டு நடைபாதைப் பக்கம் குந்திவிட்டார். மடியில், எங்கே போனாலும் கொண்டுபோகிற அந்த மண்ணிறப் பை. இரண்டு பாஸ்போர்ட், குடியுரிமைப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாம் அதற்குள். அந்த நாளில் வந்த எங்கள் சனத்தில் அரைவாசிப் பேரிடம் இப்படி ஒரு பை இருக்கும். மகளின் பிறப்புப் பத்திரம்கூட இருக்கிறது. மகளுக்கு முப்பத்தொரு வயது!

ரயில் ஏறத் தொடங்கியது. ஆறு கீழே போனது. நிலத்தைத் தொடுகிற மாதிரிக் கூரை இறக்கிய வீடுகள், அதற்கு மேலே ஊசியிலை மரங்கள். நான் ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டினேன். இவர் ஓம், ஓம் என்றுவிட்டுப் பெட்டிக் கதவையே பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்துப் பொலிஸ்காரர் எல்லாரும் உங்களைப் போலப் பென்ஷன் எடுத்துவிட்டார்கள் என்றேன். இவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கட்டிக்கொண்டு வந்த மீன் ரோல்ஸைக்கூடத் தொடவில்லை.

சீட்டுப் பரிசோதிக்கிற பெண் வந்தாள். அவள் வாய் திறக்குமுன் இவர் எழுந்து நின்று இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினார். அவள் சிரித்து, சீட்டு மட்டும் போதும் என்றாள். இருந்து வெளியே பாருங்கள், இனித்தான் அழகான இடம் வருகிறது என்றும் சொன்னாள். காலையிலிருந்து நானும் இதைத்தானே சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் சொன்னால்தான் மண்டையில் ஏறும் போலிருக்கிறது. அந்தச் சாட்டில் நான் எழும்பி, இவரை யன்னல் பக்கம் தள்ளி இருத்தினேன்.

உடனே ரயில் சுரங்கத்துக்குள் போனது. வெளியே இருட்டு. யன்னலில் எங்கள் முகங்களும் பின்னால் இருந்த ஆட்களின் முகங்களும் தெரிந்தன. இவர் அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"நான் பார்த்தது இதைத்தான்," என்றார்.

"எதை?"

"சுரங்கத்துக்குள்ள யன்னல் முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி ஆகிடும். பின்னால ஆர் வாறினம் எண்டு அதில தெரியும். அப்ப மட்டும்தான் தலையை நிமித்துவன். வெளிச்சம் வந்தவுடன திரும்பக் குனிஞ்சிடுவன்."

இந்தப் பாதையில் சுரங்கம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அத்தனை தரமும் இவர் தலையை நிமிர்த்தியிருக்கிறார். அத்தனை தரமும் மலை வெளியே இருந்திருக்கிறது, இவர் அதன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளிச்சம் வந்தது. இவருடைய தலை தன்பாட்டில் குனிந்தது.

நான் இவர் மடியிலிருந்த பையை இழுத்தேன். முதலில் விடவில்லை, பிறகு விட்டார். அதை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, பின்னால ஆர் வாறினம் எண்டு நான் பாக்கிறன். நீங்கள் வெளியில பாருங்கோ."

இவர் மெல்ல யன்னல் பக்கம் திரும்பினார். பள்ளத்தில் ஓர் ஊர் தெரிகிறது, தேவாலயக் கோபுரம் கையளவு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மலை முடியும்வரை நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.