கையில் வாங்கிய உப்பு

காலையில் கடைக்காரப் பெண் உப்பு பாக்கெட்டை நீட்டினாள். "கையில குடுக்காதம்மா, கீழ வை" என்றேன். இந்தம்மா எந்தக் காலத்தில் இருக்கிறது என்பது போல் பார்த்தாள். உப்பு விளைகிற மரக்காணத்தில் குடியிருந்துகொண்டு உப்பைப் பாக்கெட்டில் வாங்குகிறேன் பாருங்கள், அது என் தலையெழுத்து. அந்தப் பார்வையில் எனக்கு லூசியா ஞாபகம் வந்துவிட்டது.

லூசியா வெளிநாட்டு நர்ஸ். உப்பளத்து ஜனங்களுக்கு மருத்துவம் பார்க்க மிஷன்காரர்கள் அனுப்பி வந்தவள். நான் அப்போதுதான் பி.ஏ. முடித்துவிட்டு அவளுக்கு மொழிபெயர்க்கச் சேர்ந்திருந்தேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அவள் சிடுசிடுத்தாலும் பன்னீர் தெளித்துத்தான் தமிழில் சொல்வேன்.

டெட்டால் வாசனையோடு வீடு வீடாகப் போவோம். களிம்பு, மாத்திரை, பால் பவுடர் கொடுப்போம். கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள், நாற்காலி போட்டு கலர் சோடா வாங்கித் தருவார்கள். அதோடு சரி. மனதில் இருப்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

லூசியாவின் பக்கத்து வீட்டுச் செல்விக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலும் முகமும் வீங்கி, ரத்தக் கொதிப்பு வேறு. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் சேராவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று லூசியா தினமும் கெஞ்சினாள். "சரிங்க டாக்டரம்மா" என்று தலையாட்டுவாள் செல்வி. விடிந்தால் உப்பளத்துக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் லூசியா வீட்டில் உப்பு தீர்ந்துபோனது. கடைக்குப் போக நான் சைக்கிளை எடுப்பதற்குள், அவளே செல்வி வீட்டு வாசலில் போய்க் கையை நீட்டி, கற்றிருந்த அரைகுறைத் தமிழில் கேட்டாள். "உப்பு குடு."

எனக்கு மானமே போனது. செல்விக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "ஐயே, இதுக்கா நீங்களே வரணும்!" என்று கிண்ணம் நிறையக் கல்லுப்பு கொண்டுவந்து தரையில் வைத்தாள். "கையில குடுத்தா சண்டை வரும்ங்க."

மொழிபெயர்த்தேன். லூசியா கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். "வரட்டும். குடு."

வந்ததே சண்டை! மறுநாள் உப்பளத்துக்குக் கிளம்பின செல்வியை லூசியா வழிமறித்தாள். "பைத்தியமா நீ? செத்துப் போவே!"

செல்வி சும்மா இருப்பாளா? "செத்தா உனக்கென்ன? நான் அங்க போய் படுத்துக்கினா எம்பொண்ணை யாரு பாப்பா? உங்கப்பனா?"

அத்தனை நாள் கெஞ்சியும் வராத காரணம் வசவோடு வந்து விழுந்தது. புருஷன் வெளியூரில், மாமியார் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் உப்பளத்தில். கண்ணெதிரே இருந்தது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த 'உங்கப்பனா'வை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, "நான் பாப்பேன்!" என்று கத்தினாள் லூசியா. அன்றைக்கு எனக்கு வேலையே இல்லை.

உடனே ஆட்டோ பிடித்தோம். செல்வி வரும்வரை அந்தச் சின்னப்பெண் லூசியா பாயில்தான் தூங்கினாள். லூசியா தலை நிறையப் பேன். ஆண்பிள்ளையோடு வந்து இறங்கின செல்வியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. லூசியாவிடம் அவள் பேசின முதல் வார்த்தை, "ஏண்டி, எம்பொண்ணுக்குத் தலைகூட வார மாட்டியா?" அதற்குப் பிறகு லூசியாவை 'டாக்டரம்மா' என்று ஊரில் யாரும் கூப்பிடவில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவளிடம் கொட்ட ஆரம்பித்தார்கள்.

லூசியா ஊர் திரும்பி ரொம்ப நாளாகிறது. அவள் இருந்த வீடு ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது. செல்வி மகன் என்னைவிட உயரம். இப்போதும் தொண்டு செய்ய வேனில் வருகிறார்கள், தங்கமான மனுஷர்கள். அரிசி மூட்டை இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் போய்விடுகிறார்கள். குடிக்கிற தண்ணீர்கூடக் கையோடு கொண்டுவந்ததுதான்.

போன வாரம் வேன் கிளம்பினதும் செல்வி கேட்டாள். "ஏங்கா, இவங்களுக்கு நம்மகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியா?" அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தபா வரட்டும். வேன் சாவியப் புடுங்கி வெச்சிக்கிறேன். எங்கூட்டுல சோறு துன்னுட்டுத்தான் போவணும்."