வேலூர் தாண்டிட்டேன்

தமிழ்நாட்டை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, என் வீட்டுக்காரர் ஓட்டும் லாரியில்தான் படித்தேன். திருப்பூர் என்றால் பனியன் மூட்டை, நாமக்கல் என்றால் முட்டை, தூத்துக்குடி என்றால் உப்பு, ஓசூர் என்றால் இரும்புச் சாமான். ஓசூர் சரக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும். ஆவடி சேக்காட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு இதில் எதுவும் வராது. அவர் மட்டும் வருவார், அதுவும் எப்போது என்று அவருக்கே தெரியாது.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சரக்குக்காரன் போன் போட்டு "எங்க கீற?" என்று கேட்டால் இருக்கிற ஊரைச் சொல்ல மாட்டார்கள், அடுத்த பெரிய ஊரைச் சொல்வார்கள். கிருஷ்ணகிரியில் டீ குடித்துக்கொண்டே "வேலூர் தாண்டிட்டேன்" என்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஆள் காது கிழியக் கத்துவான், வேறென்ன செய்வது? அவனும் லேசுப்பட்டவன் இல்லை, வேலூர் என்றால் கிருஷ்ணகிரி என்று எடுத்துக்கொள்வான். இந்தக் கண்றாவி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் எங்களிடமும் அப்படியே சொல்வார். நாங்களும் ஒரு ஊரைக் கழித்துவிட்டுத்தான் உலை வைப்போம். என் மாமியார் மட்டும், "என் புள்ள சொன்னா சொன்னதுதான்" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் மாமியார் இறந்துபோனார். வீட்டுக்காரர் அப்போது ஓசூரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியை மூடுவதற்கு முன் பிள்ளைகள் நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். "நான் வர்ற வரைக்கும் மூடாதீங்க" என்று போனில் அழுதார். சர்ச் சாமியாரும் ஐந்து மணிக்குப் பூசை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மதியம் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். "வேலூர் தாண்டிட்டேன்மே, நாலு மணிக்குள்ள வந்துருவேன்." நான் அதை அப்படியே கூடத்தில் சொன்னேன். அவருடைய அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"வேலூரா? அப்போ கிருஷ்ணகிரில கீறான். ராத்திரிதான் வருவான். மழை வேற கட்டிகினு நிக்குது, குழியில தண்ணி நின்னுடும். சீக்கிரமா எடுத்துடலாம்."

"இன்னிக்குமா மாமா பொய் சொல்வாரு? பெத்த தாய் செத்துக் கெடக்குது."

"உன் புருஷன் என்னிக்கும்மா உண்மை சொன்னான்?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். திரும்பத் திரும்ப போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த மனுஷனை நம்புகிற ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார். சாமியாரிடம் சொல்லிப் பூசையைச் சீக்கிரமாக முடித்து, மூன்று மணிக்கு ஆணி அடித்துவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்து மெழுகுவத்தி ஏற்றப் பார்த்தோம். தூறலில் பற்றவே இல்லை. அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. லாரியைச் சரக்கோடு பூந்தமல்லி பைபாஸ் ஓரத்தில் விட்டுவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்திருக்கிறார். இன்னும் நாலு மணிகூட ஆகவில்லை. மண்மேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வேலூர்னு சொன்னேனே. நெசமாத்தான் சொன்னேன். போன எடுத்தா லேட்டாயிடும்னுதான் எடுக்கல."

அண்ணன் "நீதான்டா எப்பவும்..." என்று ஆரம்பித்தார், முடிக்க முடியாமல் உடைந்து அழுதார். ஈர மண்ணைக் கையால் தள்ளப் போன என் வீட்டுக்காரரை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

இப்போதும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார். சரக்குக்காரனிடம் அதே பொய்யைத்தான் சொல்கிறார். என்னிடம் மட்டும் ஊர்ப் பெயரே சொல்வதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால்,

"எந்த ஊர் வேணுமோ நீயே வச்சுக்கோமே" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.