பொருத்தனைக் கோழி

முட்டங்காலில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் தவிட்டுச் சட்டியோடு அடுக்களைப் படி இறங்கும்போதே சத்தியபாய் திட்டத் தொடங்கிவிடுவாள். "வாருங்க, தின்னு தொலையுங்க! எனக்க எலும்பயும் சேத்துக் கொத்துங்க!" கோழிகளுக்கு அதுதான் சாப்பாட்டு மணி.

நாலைந்து நாட்டுக்கோழிகளோடு அவள் பாட்டுக்கு இருந்தவள்தான். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன் ஸ்டெனி, யூடியூபைப் பார்த்து வகைக்கு நாலாய்ச் சீமைக் கோழிகளை வாங்கி இறக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டான். சில்க்கி, பிராமா, போலிஷ் என்ற பேரெல்லாம் அவள் வாயில் நுழையவில்லை. உடம்பெல்லாம் பஞ்சாக இருந்தவை பஞ்சுக்காரிகள். காலில் சிறகு தொங்கியவை பேன்ட்டுக்காரன்கள். கண்ணை மறைத்துக் கொண்டை கவிந்தவை கொண்டைக்காரிகள். மழையில் நனைந்தால் பஞ்சுக்காரிகளைத் துவட்ட வேண்டும். வருவது பருந்தா பூனையா என்று தெரியாத கொண்டைக்காரிகளுக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். சிதறால் மலைக்குப் போகிறவர்கள் வேலியோரம் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். "பாக்கியதுக்கு நல்லாத்தான் இருக்கும். பீ வாரியது ஆரு?" என்பாள்.

ஐப்பசி மழையோடு கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. சின்ன உள்ளியும் மஞ்சளும் அரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் பிளந்து ஊட்டினாள். நாட்டுக்கோழிகள் தப்பின. சீமைக் கோழிகள் கழுத்து திருகி விழுந்தன. நாலாம் நாள், செத்தவற்றைப் புதைத்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கூட்டின் முன்னால் உட்கார்ந்து பொருத்தனை செய்தாள்: "இந்தச் சீமைக் கோழியில ஒண்ணயாவது விட்டுவையும் ஆண்டவரே. ஒண்ண ஒமக்கே தாறேன்."

ஒரே ஒரு கொண்டைக்காரிதான் மிஞ்சியது.

"விடும்மா, வேற வாங்கலாம்" என்றான் ஸ்டெனி. போனை வைத்துவிட்டு அழுதாள். இதுகள் தொலைந்தால்தான் நிம்மதியாக உறங்கலாம் என்று தினமும் சொன்னவளுக்கு, இப்போது உறக்கமே போயிற்று.

அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் கோழியைச் சபையில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அன்றைக்கே குழம்பு. சபைக் கமிட்டியிலிருந்த ரசலையன் அவள் பொருத்தனையைக் கேள்விப்பட்டு, மனசு கேளாமல் வீடு தேடி வந்தார். "மைனி, ஒரு நாட்டுக்கோழியக் கொண்டு வாருங்க. ஆண்டவரு இனம் பாத்தா வாங்குவாரு?"

"அவரு பாக்க மாட்டாரு ரசலையா. ஆனா நான் பாத்துத்தானே சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாழைக்குலைகளும் தேங்காய்களும் ஏலம் போயின. ரசலையன் அடுத்ததாக அவள் பேரைக் கூப்பிட்டார். சத்தியபாய் மெல்ல நடந்துபோய், கொண்டைக்காரியை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அவர் ஏலம் கூற வாயைத் திறப்பதற்குள், தானே ஏலம் கேட்பதற்காக அவள் கை தலைக்கு மேலே போயிருந்தது.