குரங்கு அறுத்த லைனும் குப்பைத் தொட்டி பேட்டண்டும்

இன்று பேட்டண்ட் அலுவலகத்திலிருந்து போன் வந்தது!

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குரங்கால் திறக்க முடியாத குப்பைத் தொட்டி மூடியை நான் கண்டுபிடித்து, ஊர்ப் பொதுத் தொட்டியிலும் மாட்டியிருக்கிறேன். (சிரிக்காதீர்கள். எங்கள் மலேசியக் கிராமம் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வாரம் குடியிருந்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.)

'உண்மையிலேயே குரங்கால் திறக்க முடியாதா? விளக்கம் தரவும்' என்று அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். அதை ஆன்லைனில் அனுப்பக் கடைசி நாள் போன திங்கட்கிழமை. தவறினால் விண்ணப்பம் செத்தது.

அன்று மதியம் அனுப்ப உட்கார்ந்தேன். இன்டர்நெட் லைன் போய்விட்டது!

வெளியே போய்ப் பார்த்தால், அறுந்த கேபிளில் மண்டோர் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. (பெரிய ஆண் குரங்கு. தான் ஒரு வேலையும் செய்யாது, மற்ற குரங்குகளை விரட்டி வேலை வாங்கும். மண்டோர் என்றால் மேஸ்திரி, அதனால் அந்தப் பெயர்.)

மறுநாள் லைன் வந்ததும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு தமிழ்ப் பெண் எடுத்தார்.

"நேத்தோட முடிஞ்சிருச்சே அங்கிள்."

"குரங்கு லைன அறுத்துருச்சும்மா!"



"லைன் போனா டைம் நீட்டிக் கேக்கலாம் அங்கிள். ஆனா ஒங்க வீட்ல மட்டும் போனா செல்லாது லா. ஏரியா முழுக்கப் போயிருக்கணும். ப்ரூஃப் இருக்கா?"

ப்ரூஃபா? எங்கள் கம்பத்து (கிராமத்து) வாட்ஸாப் குழுவைத் திறந்தேன். ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருந்தது!

"ஒங்க மூடியாலதாண்ணே குரங்குக்குத் தீனி இல்லாம வயர்ல ஏறுது!" இது பக்கத்து வீட்டு ஆரோக்கியம்.

"என் டிவி நாடகம் போச்சு! மூடியக் கழட்டுறீங்களா, நான் வந்து கழட்டவா?" இது எதிர்வீட்டு லெட்சுமி.

என் மனைவி சரசு, "ஒரு மன்னிப்புக் கேட்டுருங்களேன்" என்றாள்.

மன்னிப்பா? நானா?

"ஆரோக்கியம், மொட்டையாத் திட்டாத. எந்த வீடு, எத்தன மணிக்கு லைன் போச்சுன்னு போட்டுத் திட்டு!" என்று எழுதினேன்.

ரோஷக்காரர். அப்படியே திட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வீட்டு எண், நேரம் எல்லாம் போட்டுத் திட்டினார்கள். அத்தனையையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்!

இன்று அந்தப் பெண் சொன்னார்: "டைம் குடுத்துட்டாங்க அங்கிள். இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும். விளக்கத்தோட இந்தத் திட்டையும் சேத்து அனுப்புங்க. மூடி வேலை செய்யுதுன்னு ஊரே சொல்லுதுல்ல!"

திட்டிய அனைவருக்கும் நன்றி. மூடியைக் கழற்ற மாட்டேன்.

"பேஸ்புக்க அப்புறம் பாக்கலாம், மொதல்ல அந்த விளக்கத்த அனுப்புங்க!" என்று சரசு அடுப்படியிலிருந்து கத்துகிறாள். நன்றி சொல்வதுதான் முதல். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஆடுகிறது. மண்டோர் ஏறியிருக்கிறது.

இந்தப் பதிவு யாருக்காவது தெரிகிறதா? தெரிந்தால் உடனே ஒரு லைக் போடுங்கள். லைன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்!