கடவுச்சீட்டில் இருந்த திகதி

அம்மா கண்ணை மூடினபோது எனக்கு விசா கிடைக்கவில்லை. எட்டு வருடமாக இதைத்தான் சொல்லி வந்தேன். இங்கே வெம்பிளித் தமிழ்க் கடைகளில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், பெற்றோல் ஷெட்டில் என்னோடு நின்றவர்களுக்கும் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். நடிப்பில்லை, சத்தியமாகக் கலங்கும்.

எண்பதுகளின் கடைசி அது. அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டி வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வைத்துக்கொண்டு, அண்ணன் ஒன்பது கிழமையாக, இரண்டு மாதத்துக்கு மேலாக, எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உன்னை ஊருக்கு வரச் சொல்லேல்லை. கொழும்புக்கு வந்தால் காணும். கதவு தட்டுற சத்தம் கேட்டால் அம்மா நீயோ எண்டு எழும்பிப் பாக்கிறா."

"பாஸ்போட் விசா குத்தவெண்டு ஹோம் ஒஃபிசில கிடக்கு அண்ணை. நான் என்ன செய்ய ஏலும்?"

நான் கடைக்குட்டி. எங்கள் வழக்கப்படி தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். என் இடத்தில் அண்ணன் நின்று வைத்தார். நான் இங்கே மொட்டை அடித்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் என் அறைக்கு வந்தவர்கள், "விசா இல்லாத பிள்ளை என்ன செய்யும், பாவம்" என்றார்கள். நானும் என்னைப் பாவம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். விசா கிடைத்த திகதியை எழுதச் சொல்லிப் படிவத்தில் ஒரு கட்டம். பழைய பாஸ்போட்டைத் தேடி எடுத்து முத்திரையைப் பார்த்தேன். அம்மா சாவதற்கு ஆறு கிழமைக்கு முந்திய திகதி.

தபாலில் பிந்தி வந்திருக்கும் என்று உடனே ஒரு சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் கிடந்த மண்ணிற உறை. அதைப் பிரித்து, விசா குத்திய பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு மெத்தைக்குக் கீழே வைத்தது. அன்று பின்னேரமே, "இன்னும் வரேல்லை அண்ணை" என்று வாய் கூசாமல் சொன்னது.

பயம், ஐயா, பயம். கொழும்பு லொட்ஜுகளில் ஆமியும் பொலிசும் சோதனை போட்டு எங்கள் பெடியளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ஒவ்வொரு கிழமையும் கேள்விப்பட்டேன். அந்தக் காலத்தில் யார்தான் பயப்படவில்லை? பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "வராதையடா, அங்கையே இரு" என்று அம்மா அடித்துச் சொல்லியிருப்பா. கதவைப் பார்ப்பதையும் விட்டிருப்பா. பயந்தாங்கொள்ளி என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ள மனமில்லாமல், சாகக் கிடந்த மனுசியைக் காக்க வைத்தேன். கொள்ளி வைக்காத கையை ஆட்டி ஆட்டி எட்டு வருடம் ஊருக்குக் கதை சொன்னேன். தூ!

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவோடுதான் எடுத்தேன். "அண்ணை, அம்மாவின்ர கடைசி நாளைப் பற்றி ஒண்டு கதைக்கவேணும்" என்றேன்.

அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். "அதை இன்னும் யோசிச்சுக்கொண்டே இருக்கிறாய்? கடைசியாய் அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? 'அவனை ஒருத்தரும் பேசாதேங்கோ, பேப்பர் வந்திருந்தால் என்ர பிள்ளை பறந்து வந்திருப்பான்' எண்டு. உனக்குப் பேப்பர் வரேல்லைத்தானே, நீ என்ன செய்யிறது?"

"ஓம் அண்ணை," என்றேன். "வரேல்லைத்தான்."