ரஹீமா தன் மேல் போட்டுக்கொண்ட பழி

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது நம் தமிழ்ப் பள்ளிக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் ரஹீமாவின் பெயர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று வழக்கம்போல் பட்டியல் போட்டிருப்பார் என்று நினைத்துத் திறக்காமல் விட்டேன். மதியம் சாப்பிடும்போதுதான் பார்த்தேன். எழுதியது அவர் கணவர் அன்வர். ரஹீமா அதிகாலையில் மௌத்தாகிவிட்டார், மாலையில் அடக்கம், எல்லோருடைய முகவரியும் அவள் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் இதிலிருந்தே அனுப்புகிறேன், மன்னிக்கவும் என்று நான்கே வரி. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது கமிட்டி. "நீங்கதான் ரவி அவங்ககூட ரொம்ப வேலை பண்ணவர், உங்களுக்கு ஈஸி" என்றார் தலைவர். ஈஸியாக இல்லை. நான்கு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி நல்லதாகப் பத்து விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், கைகூடத் தட்டுவீர்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தில் நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க விட்டவன் நான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ரஹீமா கீழக்கரையில் பிறந்து சென்னை மண்ணடியில் வளர்ந்தவர். அமெரிக்கா வந்தபின் இங்கே ரவுண்ட் ராக்கில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது வேலை, சுபாவமும் அதுவே. 2001-இல் கம்பெனிகள் வரிசையாக ஆள் குறைத்தபோது அவருக்கும் வேலை போயிற்று. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நம் பள்ளிக்குப் பாடம் எடுக்க வந்தார். மறுபடி வேலை கிடைத்த பிறகும் பள்ளியை விட்டுப் போகவில்லை. "வேலை செய்யும்னு நினைக்கிறேன்னு என்கிட்ட சொல்லாதீங்க, செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க" என்பார். புரொஜெக்டர் முதல் பொங்கல் விழா மைக் வரை அவருக்கு இந்த ஒரே சட்டம்தான்.

நம் பிள்ளைகளின் தமிழ் உங்களுக்குத் தெரியாததில்லை. நாம் கேட்பது புரியும், பதில் இங்கிலீஷில் வரும். என் மகள் நிவிக்கு அப்போது பதினான்கு வயது, அவள் இதில் முதல் ரேங்க். நான் பாடப் புத்தகத்தை மாற்றலாம் என்றேன். ரஹீமா சிரித்தார். "நம்மகிட்ட தமிழ்ல பேசணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து ரவி? நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும், அதுவும் அவங்க வயசுல" என்றார். அப்படித்தான் 2006 செப்டம்பரில் இன்டர்நெட் வகுப்பு ஆரம்பித்தது. திருவாரூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அத்தை மகள் செல்வி, தன் மாணவிகள் சிலரை ஞாயிறு மாலை ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துவந்தாள். இங்கே ஞாயிறு காலை எட்டரை, அங்கே இரவு ஏழு. மிஷின், மைக், ஸ்பீக்கர் எல்லாம் ரஹீமா பொறுப்பு. செல்விக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு.

முதல் நாள் அங்கிருந்து ஒரு பெண், "உங்க ஊர்ல கரண்ட் போவுமா?" என்று கேட்டாள். நிவி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரஹீமா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், உதவிக்குப் போகவில்லை. நிவி திணறித் திணறி, "போகாது. ஆனா காத்து வரும். சுத்திச் சுத்தி வரும். வீட்டைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். "அப்புறம் வீட்டைத் திருப்பிக் குடுக்குமா?" என்று கேட்டது அந்தப் பெண். இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. என் மகள் தமிழில் ஒருவரைச் சிரிக்க வைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் நாம் இங்குள்ள அரசுப் பள்ளி நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போட்டோம். ஹைஸ்கூல் பிள்ளைகள் இரண்டு வருடம் ஒரு அயல்மொழி படித்தாக வேண்டும். நம் பள்ளியில் படிக்கும் தமிழையே அதற்குக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்கள் ஸ்பானிஷுக்காகத் தமிழை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். கிடைக்காவிட்டால் எட்டாம் வகுப்போடு எல்லோரும் நின்றுவிடுவார்கள், நிவியும்தான். கமிட்டிச் செயலாளர் என்பதால் விண்ணப்பத்தில் கையெழுத்து என்னுடையது. அதிகாரிகளுக்கு நம்மிடம் பிடித்திருந்த ஒரே விஷயம் இன்டர்நெட் வகுப்பு. அதை நேரில் பார்க்க மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர்களில் ஒரு அம்மையார் எழுதினார்.

அந்த மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் கிடையாது. அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரம் பின்னால் போனபோது, "இனிமேல் ஒரு மணி நேரம் தள்ளி வாருங்கள்" என்று செல்விக்கு எழுதியிருந்தேன். ஏழு மணிக்கு வந்தவர்கள் எட்டு மணிக்கு வர ஆரம்பித்தார்கள். இப்போது பழையபடி ஏழு மணிக்கே வரச் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சோம்பேறித்தனம். பழைய கடிதத்தை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அப்படியே அனுப்பினேன். ஒரு மணி நேரம் தள்ளி வாருங்கள்.

கடிகாரம் மாறிய ஞாயிறு ஸ்பிரிங் பிரேக், வகுப்பு இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அந்த அம்மையார் வரும் நாள். வெள்ளிக்கிழமை ரஹீமா போனில் கேட்டார், "நேரம் மாறினதை அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா ரவி?"

"மெயில் போட்டாச்சு."

"பதில் வந்துச்சா?"

"சரின்னு வந்துச்சு."

உண்மைதான், செல்வி சரி என்றுதான் எழுதியிருந்தாள். சனிக்கிழமை ரஹீமா பள்ளிக்குப் போய் லைனை இரண்டு தடவை சோதித்தார். பிரவுசிங் சென்டர்க்காரர் பேசினார், சத்தம் தெளிவாக வந்தது. அவர் சோதிக்காமல் நம்பியது ஒன்றே ஒன்று, என்னை.

ஞாயிறு எட்டரைக்கு எட்டுப் பிள்ளைகளும் தயாராக இருந்தார்கள். அம்மையார் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். லைன் கிடைத்தது. கடைக்காரர் குரல் மட்டும் வந்தது. "மேடம், பசங்க யாரும் வரலீங்களே. ஒம்போது மணிக்குத்தான வருவாங்க? அமெரிக்காவுலேருந்து மெயில் வந்துச்சாம், ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்லி. இங்க இப்ப ஏழுதான ஆவுது."

ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. நிவி திரும்பி என்னைப் பார்த்தாள். ரஹீமாவும் பார்த்தார், ஒரு கணம்தான். பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, செல்வி டீச்சர் வீட்டுக்கு யாரையாவது அனுப்புங்க, யார் இருக்காங்களோ கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார். என்ன ஆயிற்று என்று அம்மையார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நேரத்தைத் தவறாகச் சொன்னது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ரஹீமா இங்கிலீஷில் சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நிமிஷம். ரஹீமா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், குரல் நடுங்கவில்லை. ஸ்பீக்கரில் கடையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை அங்கே கதவு கிரீச்சிடும்போதும் எட்டுத் தலைகளும் நிமிர்ந்தன. யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். ஒன்பதே காலுக்கு அம்மையார் பையை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கிளம்பிய சத்தம் கேட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், மூச்சிரைக்க ஒரு குரல், "நிவிக்கா, இருக்கீங்களா?" பிள்ளைகள் அழுகிற மாதிரி இருந்தார்கள். ரஹீமா, "ஓடி வந்திருக்காங்க, காக்க வைக்காதீங்க, பேசுங்க" என்று சொல்லி வகுப்பை முழுசாக நடத்தி முடித்தார்.

பார்க்கிங்கில் அவரிடம் போய், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "அப்ளிகேஷன்ல உங்க கையெழுத்து இருக்கு ரவி. நீங்க தப்புப் பண்ணா பள்ளிக்கூடம் தப்புப் பண்ண மாதிரி. நான் பண்ணா ஒரு டீச்சர் பண்ண தப்பு, அவ்வளவுதான்" என்றார். காரில் வரும்போது நிவி, "அப்பா, யூ சென்ட் தட் மெயில், ரைட்?" என்று கேட்டாள். அதெல்லாம் பெரியவங்க விஷயம் என்றேன். தமிழ் புரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இந்த வருடம் அங்கீகாரம் தர இயலாது என்று மே மாதம் பதில் வந்தது. கமிட்டிக் கூட்டம் போட்டோம். வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். "இதுக்குத்தான் இந்த இன்டர்நெட்டெல்லாம் வேணாம்னு சொன்னோம்" என்றார் ஒருவர். "டெஸ்டர்னு சொல்லிக்கிறாங்க, ஒரு டைம் செக் பண்ணத் தெரியல" என்றார் இன்னொருவர். பெயர் வேண்டாம், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருப்பார். ரஹீமா எதுவும் பேசவில்லை. இன்டர்நெட் வகுப்பை நிறுத்தி, அவரை அரிச்சுவடி வகுப்புக்கு மாற்றினோம். கூட்டக் குறிப்பு எழுதியது செயலாளரான நான். "ஆசிரியை ரஹீமாவின் கவனக்குறைவால்" என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது விரல் நிற்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வருடமே நிவி ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாள். ரஹீமா அரிச்சுவடிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கடைசிவரை பாடம் நடத்தினார். என்னிடம் முகம் திருப்பியதில்லை. ஒரே ஒரு முறை, போன ரம்ஜான் நோன்புக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் அந்தம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன் ரவி. நம்ம ஆளுங்ககிட்ட நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்." சீக்கிரம் சொல்லிவிடுவோம், விழாவில் சொல்வோம், அடுத்த கூட்டத்தில் சொல்வோம் என்று ஒரு வருடம் ஓட்டினேன். அவர் அத்தனை நாள் இருப்பார் என்று எனக்கு யார் சொன்னது?

செல்விக்கு நான் அனுப்பிய அந்தக் கடிதத்தை நேற்று தேடி எடுத்து முதலில் அன்வருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். "எங்கிட்டயும் அவ தன் தப்புன்னுதான் சொன்னா ரவி. நான்கூட, இத்தனை வருஷம் டெஸ்டிங் பண்றே, இது தெரியலையான்னு கிண்டல் பண்ணியிருக்கேன்" என்றார்.

கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். அந்தக் குறிப்பேட்டில் ரஹீமாவின் பெயரை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதுங்கள். செயலாளர் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன், எழுதுவது வேறு ஒருவர் கையாக இருக்கட்டும். ரஹீமாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நான் சொல்வேன் என்று அவர் என்னைப் பற்றி நினைத்தது ஒன்றுதான். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவர் இல்லை.