பெரியவரின் துவக்குக்கு ஒரு கண்

நான் வேலை செய்கிற வீட்டுப் பெரியவர் எண்பதை நெருங்குகிறார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் இத்தாலியின் வடக்கே மிலானோவில். தெற்கே பலெர்மோவில் அவருக்கு மிஞ்சியிருப்பவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குக் காட்டுப்பண்டி வேட்டைக்குப் போகிற கூட்டாளிகள், சுடுவதற்கு ஒரு துவக்கு. பிறகு நான்.

மகள் ஒருமுறை என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார். "அப்பா வேட்டைக்குப் போற வரைக்கும் இஞ்சை இருக்கட்டும். அது ஏலாமல் போனால் வீட்டை வித்துப்போட்டு என்னோடை கூட்டிக்கொண்டு போறன்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. வீடு போனால் என் வேலையும் போகும், வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற வரிசையில் என்ன சொல்லிக்கொண்டு நிற்பது? ஆக, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நான், பெரியவர் பண்டியைச் சரியாகச் சுடவேண்டும் என்று நல்லூர்க் கந்தனிடம் கேட்கத் தொடங்கினேன். கந்தன் என்ன நினைத்திருப்பார் என்று தெரியவில்லை.

துவக்கு கௌபோய் படங்களில் வருகிற வகை. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அதைக் கீழே தள்ளி மேலே இழுக்கவேண்டும். குழலின் நுனியில் மிளகளவு ஒரு மணி, பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் மணியை வைத்து, மணியின் மேல் பண்டியை வைத்துச் சுடுவதுதான் முறை. பெரியவருக்குத் தூரப்பார்வையில் குறையில்லை. வைத்தியர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடகடவென்று வாசித்து அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்தவர். கிட்டத்தில் உள்ளதுதான் அவருக்குக் கரைந்துபோகும். பண்டி தெரியும், மணி தெரியாது. போன வேட்டைப் பருவத்தில் அவர் ஒரு மரத்தைச் சுட்டார். கூட்டாளிகள் அந்த மரத்துக்கு நினைவுப் பூசை வைக்கவேண்டும் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவரைத் துவக்குக் கடைக்கு அனுப்பியது. நான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். துவக்குப் பெட்டியை அவரே தூக்கினார், எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் தொட்டிருக்கமாட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த நாடு?"

"ஸ்ரீலங்கா."

"தமிழோ?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "அப்ப உமக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கிறது, மாயஸ்த்ரோ! நீர்தான் எனக்குச் சொல்லவேணும்."

ஊரில் சண்டை நடந்த காலத்தில் துவக்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் எதிரில் வந்தால் நிலத்தைப் பார்க்கவேண்டும். எந்தப் படைக்கு எந்தச் சப்பாத்து என்று கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பேன். இதை இத்தாலிய மொழியில், அந்நியர் முன்னால், விளக்குகிற தைரியம் எனக்கு இல்லை. பேசாமல் நின்றேன். நிபுணர்கள் அதிகம் பேசுவதில்லை என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் துவக்கை மேசையில் கிடத்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த வகைத் துவக்கில் வெடித்த தோட்டாவின் கோது மேற்பக்கமாகத் துள்ளி வெளியே வரும். அதனால், மணிக்குப் பதிலாகக் கண் வைத்துப் பார்க்கிற ஸ்கோப்பை நடு உச்சியில் பூட்ட ஏலாது. கோது அதில் மோதித் திரும்ப உள்ளே விழுந்து துவக்கு இறுகிவிடும். ஒன்றில் இடது பக்கமாகத் தள்ளிப் பிடிக்கிற தாங்கி போடலாம். அல்லது குழலின் மேல், கண்ணுக்குத் தூரமாக, முன்னால் பூட்டலாம். ஸ்கோப்பே வேண்டாம் என்றால் பின்னால் ஓட்டையுள்ள ஒரு சிறிய வளையம் வைக்கலாம். அதற்குள்ளால் பார்த்தால் கிழட்டுக் கண்ணுக்கும் மணி கொஞ்சம் தெளியும்.

பெரியவருக்குக் காதும் மந்தம். "எது நல்லதாம்?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரரும் என்னைப் பார்த்தார்.

இந்த நாட்டுக்கு வந்து வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் முதலில் பழகுகிற சொல் 'ஸீ', எங்கள் 'ஓம்'. ஜன்னல் துடைத்தாயா? ஸீ. விளங்கியதா? ஸீ. விளங்காவிட்டாலும் ஸீதான், வெளியே போய் இன்னொரு தமிழரிடம் கேட்டுக்கொள்ளலாம். இல்லை என்று பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு வராது. அந்தப் பழக்கம் அன்றைக்குக் கடைக்குள் என்னோடு வந்துவிட்டது.

"பக்கத் தாங்கி போடுவமோ?"

"ஸீ."

"குறைஞ்ச பெருப்பம் உள்ள ஸ்கோப் காணும், என்ன? பத்தைக்குள்ளை பண்டி கிட்டத்தானே வரும்."

"ஸீ."

"ஸ்கோப் பழுதானால் எண்டு பின்னாலை வளையமும் இருக்கட்டுமோ?"

"ஸீ."

"ஸ்கோப் மறைக்கிறதாலை, துவக்குக்குப் பின்னாலை இருக்கிற சுத்தியலை விரலாலை இழுக்க இடம் காணாது. ஒரு கொம்பு வைப்பம். கன்னம் உயரத்துக்கு வரப் பிடியிலை தோல் மெத்தையும் கட்டுவம்."

"ஸீ, ஸீ."

"பார்த்தீங்களோ" என்றார் கடைக்காரர் பெரியவரிடம், "ஒண்டையும் விடேல்லை. தெரிஞ்ச ஆள்."

துவக்கு திரும்பி வந்தபோது அதைத் துவக்கு என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஸ்கோப், பின்னால் வளையம், சுத்தியலில் கொம்பு, பிடியில் கயிறு போட்டுக் கட்டிய தோல் மெத்தை. பெரியவர் பெருமையோடு படம் எடுக்கச் சொன்னார். அதை வீட்டில் மனைவிக்குக் காட்டினேன்.

"உதென்னப்பா, துவக்கோ காவடியோ?"

"பெரியவற்றை துவக்கு."

"அவர் பண்டி சுடப் போறாரோ, அதுக்குத் தாலி கட்டப் போறாரோ?"

இந்தக் காவடியில்தான் எங்கள் வீட்டு அரிசியும் தொங்குகிறது என்று அவளுக்கும் தெரியும்.

பருவம் தொடங்குவதற்கு முன் மகள் வந்தார். மரத்தின் கதை எப்படியோ மிலானோ வரை போயிருந்தது. "எனக்கு முன்னாலை சுட்டுக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்" என்றார். மூவரும் சுடுபயிற்சி நிலையத்துக்குப் போனோம். தூரத்தில் கடதாசிப் பண்டி ஒன்று நின்றது. நான் காதை மூடிக்கொண்டு, பழக்கதோஷத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் கொம்பை இழுத்தார், மெத்தையில் கன்னத்தை வைத்தார், சுட்டார். விசைக்குக் கீழுள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தார், கோது ஸ்கோப்பில் படாமல் மேலே துள்ளியது, மறுபடி சுட்டார். கடதாசியைக் கொண்டுவந்து பார்த்தபோது ஓட்டைகள் எல்லாம் பண்டியின் தோளுக்குள் ஒரு கையகலத்தில் இருந்தன. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் கைதட்டினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பிவிட்டது.

திரும்பும்போது காருக்குள் மகள் சந்தோசமாகச் சொன்னார். "அப்பா இவ்வளவு தெளிவாய்ப் பாக்கிறார்! நான்தான் வீணாய்ப் பயந்திட்டன். இனி முழுநாளும் ஆள் எதுக்கு? காலமையிலை ரெண்டு மணித்தியாலம் வந்து கூட்டிக் கழுவினால் காணும்."

நான் கியரை மாற்ற மறந்ததில் கார் உறுமியது. இப்போதுதான் கணக்கு விளங்கியது. பெரியவருக்குக் கண் தெரியாவிட்டால் மிலானோ. கண் தெரிந்தால் இரண்டு மணித்தியாலம். என் பெர்மெஸ்ஸோவுக்கு அவர் பாதிதான் பார்க்கவேண்டும். அப்படி ஒரு ஸ்கோப் அந்தக் கடையில் இருக்கவில்லை.

ஸீ என்று சொல்ல வாய் திறந்தது. வரவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"சிஞ்ஞோரா, தூரத்திலை நிக்கிற பண்டி அவருக்குத் தெரியும். கிட்ட இருக்கிற அடுப்புத் தெரியாது. தண்ணி விடாமல் கோப்பி மொக்காவை அடுப்பிலை ஏத்துறார். மாத்திரையை நக்கிப் பார்த்துத்தான் எது எது எண்டு பிரிக்கிறார். ஸ்கோப் பண்டிக்குத்தான்."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறை வாய் திறந்து, பெரியவரை மிலானோவுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மகள் பின்னால் திரும்பினார். "அப்பா, மாத்திரையை நக்குறீங்களோ?"

பெரியவருக்கு இது மட்டும் நன்றாகக் கேட்டது. "வெள்ளை கைக்கும். மற்றது இனிக்கும். அதிலை என்ன பிழை?" பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பண்டிக்கு ஸ்கோப் வேணும், அடுப்புக்கு இவன் வேணும். ரெண்டிலை ஒண்டைக் கழட்டினாலும் எனக்குச் சுட ஏலாது" என்றார்.

மகள் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய, முழுநாள் வேலை முழுநாளாகவே இருக்கட்டும் என்றார். ஒரு நிபந்தனை போட்டார், வேட்டை நாட்களில் நானும் கூடவே போகவேண்டும்.

பெரியவர் அன்று பின்னேரம் முழுக்க என்னோடு கோபம். மொக்காவில் தண்ணீர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்படி, மூடியைத் திறந்து திறந்து காட்டினார்.

இப்படித்தான் நான் மலைக்குப் போனேன், ஆரஞ்சு நிற அங்கியோடு, வாழ்நாளெல்லாம் நான் விலகி நின்ற சாமான்களை ஏந்திய ஆட்களுக்கு நடுவில். முதல் ஞாயிறு மழை. ஒரு பண்டியும் வரவில்லை. பெரியவர் விடிந்ததிலிருந்து ஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தொத்திறைச்சி சுட்டார்கள், நான் பாணும் ஒலிவ் காயும் சாப்பிட்டேன்.

"இந்தத் தாங்கி கொஞ்சம் இடப்பக்கம் கூடிப்போச்சு" என்றார் அவர். "வாற வருசம் மாத்தவேணும்."

"மாத்துவம், சிஞ்ஞோரே" என்றேன்.

வாற வருசம் என்று அவர் வாயால் வந்ததே எனக்குப் போதும். மழை விடும்வரை அதை நினைத்துக்கொண்டு ஈரப் பாணைக் கடித்தேன்.